இடது ஓரத்துக்காரன்

புத்தூர்
24-4-1960

அன்புள்ள தியோடருக்கு,

நாகேந்திரன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ உன் சௌக்கியத்தை எழுத மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். வாத்தியார் வேலைக்கென்று திருத்தணி போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த மாதம் அந்த ஊரையும் மதராஸ் ராஜ்யத்தில் சேர்த்துவிட்டார்கள். நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். எல்லைக்கோடு கிழித்தவர்கள் கண்ணில் நம் சடுகுடு டீம் படவில்லை போலிருக்கிறது.

கங்கம்மா ஜாத்திரைக்குத் திருப்பதியில் பந்தயம் வைக்கிறார்கள். உன்னைப் போல் இடது ஓரத்தில் நின்று கணுக்காலைப் பிடித்து நிறுத்த இங்கே ஆளில்லை. புதுப் பையன்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். நாம் ஏழு பேரும் அப்படியா இருந்தோம்? ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி அல்லவா இருந்தோம். முனிசாமிகூட உன்னைக் கேட்டான். கோடு எங்கே போனாலும் நீ எங்கள் ஆள்தான். வருகிறேன் என்று ஒரு கார்டு போடு.

உன் பிரியமுள்ள,
நாகேந்திரன்


திருத்தணி
29-4-1960

அன்புள்ள நாகேந்திரனுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம். உன் கடிதத்தை என் வீட்டுக்காரி கிருபாபாய்க்குப் படித்துக் காட்டினேன். ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் என்ற இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னை ஏன் எப்போதும் ஓரத்தில் நிறுத்தினாய்? கால்பிடி நன்றாக வரும் என்பாய். வரும்தான். ஆனால் கைகோத்து நிற்கும்போது ஓரத்தில் இருப்பவனுக்கு ஒரு கைதான் வேலை. அந்த ஒரு கையைப் பிடிக்க நீ இருந்தாய். நடுவில் நிறுத்தியிருந்தால் மறு கையைப் பிடிக்க இன்னொருவனைத் தேட வேண்டியிருக்கும். நாங்கள் மிஷன் கோயிலுக்குப் போனாலும் சேரி எங்களை விட்டுப் போகவில்லையே.

மூன்று வருஷத்துக்கு முன் திருப்பதி ஆட்டத்தில் உனக்குக் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு மரத்தடியில் படுத்துவிட்டாய். என் பக்கத்தில் முனிசாமி வந்து நின்றான். கையை நீட்டினேன். அவன் இடுப்புத் துண்டை அவிழ்த்து, "இத்தப் புடிச்சிக்கினு நில்லுடா, போதும்" என்று ஒரு முனையைக் கொடுத்தான். சடுகுடு பாடி வந்த எதிராளி நேராக அந்தத் துண்டின் மேல்தான் பாய்ந்தான். முனிசாமியின் கையிலிருந்து அது உருவிக்கொண்டு போயிற்று. தோற்றோம். தியோடர் பிடியை விட்டுவிட்டான் என்று அவன் சொன்னதைக் கேட்டு, எல்லார் முன்னாலும் நீ என்னைத் திட்டினாய்.

துண்டைப் பார்க்காதவன் மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டேன். முனிசாமியைக் கூப்பிட்டு, செய்தது சரியா என்று ஒரு வார்த்தை கேள். கேட்டேன் என்று எழுது, வருகிறேன்.

தியோடர்


புத்தூர்
3-5-1960

அன்புள்ள தியோடருக்கு,

இதையா இத்தனை நாள் வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாய்? முனிசாமியைக் கேட்க என்ன இருக்கிறது? துண்டை நானும்தான் பார்த்தேன். காய்ச்சல் வந்தால் கண்ணுமா அவிந்துபோகும்?

அவனைத் திட்டியிருந்தால் அவன் பங்காளிகளும் அவனோடு எழுந்து போயிருப்பார்கள். டீமே இருந்திருக்காது. உன்னைத் திட்டினால் நீ எங்கேயும் போகமாட்டாய். அந்த உரிமையில் திட்டியதுதான். டீம் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்றால் யாராவது ஒருவர் பொறுத்துப் போகத்தான் வேண்டும். நீ பெருந்தன்மையானவன், உனக்குத் தெரியாததா?

இந்தத் தடவை உன் பக்கத்தில் நான்தான் நிற்பேன். கோபத்தை விட்டுவிட்டு வந்து சேர். கிருபாபாய்க்கென்று என் வீட்டில் யசோதா மாம்பழம் எடுத்து வைத்திருக்கிறாள்.

நாகேந்திரன்


திருத்தணி
7-5-1960

நாகேந்திரனுக்கு,

மாம்பழம் வேண்டாம் என்று உன் மனைவியிடம் சொல்லிவிடு. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை.

நீ பார்க்கவில்லை என்று நம்பித்தான் உன்னைச் சிநேகிதன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி எப்படிச் சொல்வது? முனிசாமி தொடமாட்டேன் என்றான், அதோடு முடிந்தது. நீ கையைப் பிடித்துக்கொண்டே என்னை விற்றுவிட்டாய். ஒற்றுமையாகத்தான் இருந்தீர்கள், ஆறு பேரும். ஏழு என்று நீயாக எண்ணிக்கொண்டாய்.

ஜாத்திரைப் பந்தயத்துக்கு வருகிறேன். திருத்தணி டீமில் ஆடுகிறேன், இங்கே என்னை நடுவில் நிறுத்தியிருக்கிறார்கள். முதல் ஆட்டமே உங்களோடுதான் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. முனிசாமிக்கும் அவன் பங்காளிகளுக்கும் சொல்லி வை. இனி நான் எதிர்க்கட்சி. உங்களில் பாடிக்கொண்டு வருகிறவன் என்னைத் தொட்டால்தான் நான் அவுட்.

தியோடர்