கடலுக்குள் நம் மூலை

அன்பு மகள் சுகைனாவுக்கு,

நான் கடலில் விழவில்லை. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உன்னையும் குழந்தைகளையும் நலம் விசாரிக்கிறேன். எனக்குத் தலை சுற்றியதாகவும் நாலு பேர் தூக்கி வந்ததாகவும் உன் சித்தப்பா மகன் மொங்கி மார்செய் வரைக்கும் உனக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறானாம். நானாகத்தான் இறங்கினேன், நானாகத்தான் ஏறினேன். உன் அப்பாவின் கால்சட்டையைப் போட்டிருந்தேன், அது மட்டும் உண்மை.

அன்று, ஆழமில்லாத கடலில் மட்டைகளை வரிசையாக ஊன்றி மீனை மடக்கும் நம் மீன்வேலியை நடும் முதல் நாள். கடல் பங்கின் மூலையில் முதல் பேரீச்ச மட்டையைப் பங்குக்குரிய வீட்டார் கையால் ஊன்றாவிட்டால் பக்கத்துப் பங்குக்காரன் அந்த வருடம் தன் வேலியை நீட்டிக்கொள்ளலாம் என்ற வழக்கத்தை நீ மறந்திருக்க மாட்டாய். அப்பா போன பிறகு இதுதான் முதல் நடவு, பக்கத்துப் பங்கோ மொங்கியுடையது. நான் போவதற்குள் அவன் வேலி நம் கடலுக்குள் வந்து நின்றது. கேட்டால், "எல்லைச் சுவர் இதுதான் பெரியம்மா, காலை வச்சுப் பாருங்க, கல்லு தட்டும்" என்றான். வைத்துப் பார்த்தேன். அது ஸ்பானியர் கோபுரம் இடிந்து சரிந்த கல், முரடும் உருண்டையுமாக இருக்கிறது. நம் எல்லை ரோமர்கள் மீனுக்கு உப்புப் போட்ட தொட்டியின் சுவர், இன்னும் தள்ளி மூழ்கிக் கிடக்கிறது, அதன் நேர்விளிம்பு பாதத்துக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரீகள் ரோமாபுரியின் ஏழு குன்றுகளையும் ஒப்பிக்க வைத்தார்களே தவிர இந்தத் தொட்டியைப் பற்றி ஒரு வரி சொன்னதில்லை, எனக்குக் காட்டியது உன் அப்பாதான். இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் அங்கே மட்டையை ஊன்றினேன். திரும்பும்போது மொங்கியின் மட்டைகளைப் பிடுங்கி அவன் படகிலேயே போட்டேன். "கிழவி வேலி போட்டா மீனு பயந்தே செத்துரும்" என்று அவன் ஆட்கள் சிரித்தார்கள். "செத்தாலும் என் வேலிக்குள்ளதான்டா சாகும்" என்றேன்.

இப்போது வேறு பேச்சு எடுத்திருக்கிறான். உனக்கு இந்தப் பங்கு வேண்டாமாம், நீயே அவனிடம் சொல்லிவிட்டாயாம். பங்குக்காரர்களின் தலைவர் ஹாஜி யூனுஸ் நேற்று வந்து, "சலூஹா அக்கா, நீங்க நட்டது நட்டதுதான். ஆனா உங்களுக்கு அப்புறம் யாருன்னு கேக்குறாங்க. மக வேணும்னு எழுதிட்டா எவனும் வாய் திறக்க மாட்டான்" என்றார். நீ சொன்னாயா என்று நான் கேட்கப்போவதில்லை, குழந்தை அழுதுகொண்டிருந்தால் தொலைபேசியில் எதற்கும் "சரி, சரி" என்பவள்தானே நீ. உன்னை வந்து மீன் பிடிக்கவும் சொல்லவில்லை, அதற்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். காயவைத்த பேய்க்கணவாய் கொடுத்தனுப்புகிறேன், முதல் நாளே ஊறவை, அவசரப்பட்டு வேகவைத்து ரப்பராக்காதே. சின்னவன் கழுத்தைக் குளிரில் திறந்துவிடாதே.

அல்லாஹ் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். நீ வேண்டாம் என்றாலும் அடுத்த நடவுக்கு நான்தான் இறங்குவேன். வேண்டும் என்றால், வேண்டும் என்று உன் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பு.

உன் அம்மா
சலூஹா