அயர்லாந்துக்கு ஒரு வேட்டி

கால்வே, அயர்லாந்து
6-6-1954

அன்புள்ள மாமன் மகள் உலகம்மாளுக்கு,

சுகமாக இருக்கிறேன். டாக்டர் படிப்பின் கடைசிப் பயிற்சிக்கு இந்தக் கடற்கரை ஊருக்கு வந்திருக்கிறேன். கிராமத்து நோயாளிகள் ஐரிஷ் மட்டுமே பேசுவதால் நானும் படிக்கிறேன். ஆகா, என்ன பாஷை! நமக்கு ஆணோ பெண்ணோ, 'பெரிய' என்ற சொல் அசையாமல் நிற்கும். இவர்களுக்குப் பெரிய ஆண் 'ஃப்யார் மோர்', பெரிய பெண் 'ப்யான் வோர்'. பெயர்ச்சொல்லும் சும்மா இருக்காது. ஆணுடைய என்றால் 'ஃபிர்'. பெண்ணுடைய என்றால் அடையாளமே தெரியாமல் 'ம்ரா'! நர்ஸ் மாரியாவைக் கூப்பிட்டால் பெயரே 'வாரியா' ஆகிவிடுகிறது. மாரியாவின் குடை என்றாலும் அப்படித்தான். மாரியாதான் சொல்லித் தருகிறாள்.

நான் சுகமென்று அம்மாவிடம் சொல்.

தாணப்பன்


தாழக்குடி
17-6-1954

அன்புள்ள அத்தானுக்கு,

அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், மாரியாவை மட்டும் விட்டுவிட்டு. எடுத்துக்காட்டுக்கு உலகத்தில் வேறு பெயரே இல்லையா? எனக்குக் கோபமென்று நினைத்தால் நீங்கள் மடையர். சந்தோஷத்தில் அடுக்களையில் குதித்தே விட்டேன்!

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அப்பாவோ, "வீட்டுக்கு ஒரு டாக்டரு போதும்ட்டி. ஆவணியில தாணப்பன் வந்ததும் கல்யாணம்" என்கிறார். என் பேச்சு எடுபடாது. முறைக்காரர் நீங்கள் விட்டுக்கொடுத்தால்தான் கேட்பார். உடனே அவருக்கு எழுதுங்கள். இலக்கணம் வேண்டாம்.

உலகம்மாள்


கால்வே
28-6-1954

அன்புள்ள உலகம்மாளுக்கு,

கண்டுபிடித்துவிட்டாயே! உனக்குத் துரோகம் செய்கிறேனோ என்று சோறு இறங்காமல் கிடந்தேன். நீ டாக்டரா! சந்தோஷத்தில் நான் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. மாமாவுக்கு மாரியாவைப் பற்றியும் ஒளிக்காமல் இதே தபாலில் எழுதிவிட்டேன். பயமாக இருக்கிறது. படித்துவிட்டு என்ன சொன்னார் என்று எழுது.

தாணப்பன்


தாழக்குடி
9-7-1954

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே போன அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அத்தை அழுது முடித்து, இப்போது உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சாயங்காலம் அப்பா வடசேரியிலிருந்து புது வேட்டியோடு வந்தார். பெண்ணை வெளியிடத்தில் கட்டிக் கொடுக்கும்போது முறைக்காரனுக்குக் கொடுக்கிற வேட்டி! எனக்கு உயிரே போய்விட்டது. வேறு எவனுக்கோ பேசி முடித்துவிட்டார் என்று நினைத்து, "யாருக்குப்பா என்னைக் குடுக்கப் போறிய?" என்று அழுதுவிட்டேன்.

"காலேசுக்குத்தாம்ட்டி" என்றார். "முறைக்காரன் வேட்டியை வாங்கியாச்சுன்னா அவன் பேச்சு மாறப்பிடாது. நீயும் பாதியில திரும்பி வரப்பிடாது."

வேட்டி நாளைத் தபாலில் வருகிறது. வாங்கிக்கொள்ளுங்கள், அத்தான்.

உங்கள் மாமன் மகள்,
உலகம்மாள்