இரண்டு வீட்டிலும் போட வேண்டிய சொட்டு

மார்ச் 6

சிட்டுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதி, அவள் பையில் வைத்து அனுப்புகிறேன். நின்றுகொண்டே படிக்காமல், உட்கார்ந்து முழுதாகப் படியுங்கள்.

முழங்கால் வீக்கத்துக்குப் பார்க்கிற டாக்டர், கண்ணையும் ஒருமுறை காட்டிவிடச் சொன்னார். மூட்டுவாதம் வருகிற பிள்ளைகளில் சிலருக்குக் கண்ணுக்குள்ளும் அழற்சி வருமாம். எதற்கும் இருக்கட்டும் என்றுதான் போனேன். கண் டாக்டரம்மா ஒரு கருவியில் சிட்டுவின் தாடையை வைக்கச் சொல்லி, மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்றைப் பாய்ச்சி வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு கண்ணுலயும் அழற்சி இருக்கும்மா. யுவியைட்டிஸ்னு பேரு" என்றார்.

"கண்ணு சிவக்கவே இல்லையே டாக்டர். வலிக்குதுன்னு ஒருநாளும் சொன்னதில்லையே."

"அதான் இதுல மோசம். பெரியவங்களுக்கு வந்தா கண்ணு சிவந்து, கூசி, வலிச்சு ஊரையே கூட்டிடும். இந்தப் பிள்ளைங்களுக்குப் பெரும்பாலும் சத்தமே இருக்காது. பார்வை போனப்புறம்தான் தெரியும்."

எதிரே ஆறு வயதுப் பிள்ளை காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

பையில் இரண்டு புட்டிகள் இருக்கின்றன. வெள்ளை மூடி அழற்சியை அடக்குவதற்கு. குலுக்கிவிட்டுப் போட வேண்டும். சிவப்பு மூடி, கண்மணி உள்ளே ஒட்டிக்கொள்ளாமல் விரிந்திருப்பதற்கு. எத்தனை முறை என்று புட்டியிலேயே ஒட்டியிருக்கிறேன். நம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. சனி, ஞாயிறு உங்கள் பொறுப்பு.

சிட்டுவின் அம்மா


மார்ச் 8

சிட்டுவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். இல்லாவிட்டாலும் என்னிடம் சொல்லவா போகிறாய்?

சனிக்கிழமை காலை புட்டியை எடுத்ததுமே சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள். காலைப் பிடித்து இழுத்து, கையை அமுக்கி, ஒரு சொட்டு போட்டேன். அவள் அழுத அழுகையில் கீழ்வீட்டுக்காரர் வந்து என்னவென்று கேட்டார். "நீ கெட்ட அப்பா" என்றாள். அதற்கப்புறம் எனக்குக் கை வரவில்லை. ஞாயிறும் போடவில்லை. மறைக்க விரும்பவில்லை, எழுதிவிட்டேன்.

தெருமுனையில் வருகிற பஸ் நம்பரை எனக்கு முன்னால் படிக்கிற பிள்ளைக்குக் கண்ணில் என்ன நோய்? டாக்டர்கள் பயமுறுத்துவார்கள், நீயும் பயந்துவிடுவாய். வாரத்தில் ஐந்து நாள் நீ போடுகிறாயே, அது போதாதா? எனக்குக் கிடைப்பதே இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் அவளை அழவைக்கிறவனாக நான் இருக்க வேண்டுமா?

சிட்டுவின் அப்பா


ஏப்ரல் 2

சிட்டுவின் அப்பாவுக்கு,

நான் எழுதியும் பார்த்தேன், வாசலில் வந்து சொல்லியும் பார்த்தேன். ஒவ்வொரு வாரமும் "பார்க்கலாம்" என்றீர்கள். புட்டி போனபடியே திரும்பி வந்தது.

இன்று பரிசோதனை. அழற்சி முன்னைவிட அதிகம். இடது கண்ணில் கண்மணியின் ஓரம் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. வட்டமாக இருக்க வேண்டியது, ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கிறது. டாக்டரம்மா உங்களைக் குறை சொல்லவில்லை. விடாமல் போட்டிருந்தாலும் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகலாம் என்றார். ஆனால் "விட்டு விட்டுப் போட்டா அடங்காதும்மா" என்றும் சொன்னார். உங்களைக் குறை சொல்வது நான்தான்.

இனி விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தரம் மருந்து. பேக்கரியில் எனக்கு எத்தனை நாள் லீவு தருவார்கள், தெரியவில்லை. இந்த சனிக்கிழமை சிட்டு வரமாட்டாள். அதற்கடுத்த சனிக்கிழமையும்தான். போன் செய்து கத்த வேண்டாம்.

சிட்டுவின் அம்மா


ஏப்ரல் 4

சிட்டுவின் அம்மாவுக்கு,

கத்தவில்லை. நேற்று வேலைக்குப் போகாமல் கண் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். வெளியே ஒன்றுமே தெரியாதபோது உள்ளே நோய் இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இருட்டு ரூம்ல ஜன்னல் இடுக்கு வழியா வெயில் விழுந்தா தூசி மிதக்கறது தெரியும்ல? வெயில் இல்லேன்னா தெரியுமா? ஆனா தூசி இருக்கத்தானே செய்யுது. கண்ணுக்குள்ள தண்ணி மாதிரித் தெளிவா இருக்கற இடத்துல, உங்க பொண்ணுக்கு அப்படி மிதக்குது. எங்க வெளிச்சத்துல மட்டும்தான் தெரியும்."

லிப்ட் மெக்கானிக் நான். கம்பி தேய்ந்திருக்கிறது, ஒருநாள் நிறுத்த வேண்டும் என்றால், "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நிறுத்தறீங்க?" என்று ஒவ்வொரு கட்டடத்திலும் கேட்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அதையேதான் உனக்கு எழுதியிருக்கிறேன்.

நான் லீவு போட்டுவிட்டேன். நீ விடிவதற்குள் வேலைக்குப் போக வேண்டியவள். நீ கிளம்பும்போது நான் வருகிறேன், திரும்பியதும் போய்விடுகிறேன். வீட்டுக்குள் வருவது பிடிக்காவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்து போடுகிறேன்.

சிட்டுவின் அப்பா


ஏப்ரல் 15

சிட்டுவின் அம்மாவுக்கு,

சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உள்ளே உட்காரச் சொன்னதற்கு நன்றி.

நர்ஸ் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். சிட்டு மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். மூக்கோரம், கண் முனையில் ஒரு சொட்டு விட்டால் போதும். நான் "லிப்ட் கதவு திறக்குது" என்பேன். அவள் கண்ணைத் திறப்பாள், மருந்து தானாக உள்ளே போய்விடும். அழுகையே இல்லை. நேற்று, "எந்த மாடிப்பா?" என்று கேட்கிறாள்! "ஏழாவது" என்றேன். "நான் அஞ்சுக்குத்தான் போகணும்" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அஞ்சுக்கே போனோம்.

சிவப்பு மூடி போட்டபின் வெளிச்சம் கூசுகிறது என்கிறாள். உன் பழைய தொப்பியைக் கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கட்டுமா? இந்த நாட்களில் நாம் ஒரு தடவைகூடச் சண்டை போடவில்லை. நான் இங்கேயே திரும்பி வந்துவிடலாமா? யோசித்துச் சொன்னால் போதும்.

சிட்டுவின் அப்பா


மே 7

சிட்டுவின் அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதி. இன்று இரண்டு கண்ணும் தெளிவாக இருக்கின்றன. இடது கண்ணில் ஒட்டியிருந்தது பெரும்பாலும் விட்டுவிட்டது. ஒரு சின்ன மூலை மட்டும் அப்படியே இருக்கும் போலிருக்கிறது. பார்வைக்குப் பழுதில்லை. சொட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். அதிக நாள் போட்டால் கண் அழுத்தம் ஏறுமாம். அதற்குப் பதில் வாரம் ஒரு ஊசி. வியாழக்கிழமைகளில் நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன். வலி இல்லையென்றாலும் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், வருஷக்கணக்கில்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் வரும்போது நான் கிளம்பிவிடுகிறேன், நான் வரும்போது நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். சண்டை எப்படி வரும்? ஒரு கூரையின் கீழ் நாம் எப்படி இருந்தோம் என்று உங்களுக்கும் தெரியும். ஆனால் என் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு நிம்மதியாக மாவு பிசைவேன் என்று யாராவது கேட்டால், இப்போது யோசிக்காமல் பதில் சொல்வேன்.

சனிக்கிழமை அனுப்புகிறேன். பள்ளி விடுமுறை, அதனால் இந்தமுறை ஒரு வாரம் உங்களோடு இருக்கட்டும். அந்த வார வியாழக்கிழமை ஊசிக்கும் நீங்களே கூட்டிப் போங்கள்.

ஒரு விஷயம். ராத்திரி படுத்தபிறகு, "மருந்து எப்போ நிக்கும்?" என்று கேட்பாள். சீக்கிரம் நின்றுவிடும் என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்லாதீர்கள். "எனக்குத் தெரியாதுடி. ஆனா நிக்கிற வரைக்கும் நான் போடுறேன்" என்று நான் சொல்லியிருக்கிறேன். நீங்களும் அதையே சொல்லுங்கள்.

சிட்டுவின் அம்மா