கையை மட்டும் எடுத்திருக்க வேண்டிய படம்

ஞாயிறு, இரவு

பானை வகுப்பையும் போட்டோ வகுப்பையும் ஒரே கூடத்தில் வைத்தது என் யோசனைதான். வனைகிறவர்களை மற்றவர்கள் படம் எடுத்துப் பழகலாம். செல்வி பானை வகுப்பில் சேர்ந்தபோதே சொன்னாள்: "வீட்டுல தையல் கிளாஸுன்னுதான் சொல்லிருக்கேன் டீச்சர். மூஞ்சி மட்டும் வந்துறக் கூடாது." அதனால் அவளைப் படம் எடுத்தால் கையை மட்டும் எடுப்பது எங்கள் விதி.

எட்டே மாதத்தில் அவள் கண்ணை மூடிக்கொண்டு பானைக்குக் கழுத்து எடுக்கிறாள். போட்டோ வகுப்பில், ஓய்வுபெற்ற கண்டக்டர் அண்ணாச்சியோ இன்னும் ஆள் தலையை வெட்டித்தான் படம் எடுப்பார். இன்று முதல்முறையாக அவருக்கு ஒரு படம் சரியாக விழுந்தது. கன்னத்தில் களிமண்ணோடு செல்வி சிரிக்கிறாள். விதி போட்ட நானே அதை மறந்து, "இதத்தான் அண்ணாச்சி இத்தன நாளா கேட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினேன்.

அவர் அதை ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். முப்பது வருஷம் திருச்சுழி பஸ்ஸில் ஓடியவர். அந்த ஊரில் பாதிப் பேரிடம் அவர் நம்பர் இருக்கிறது. செல்வியின் வீடும் அங்கேதான்.

சாயங்காலம் பார்த்ததும் பதறிப் போன் செய்து ஸ்டேட்டஸை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். குரலில் சந்தோஷம் அடங்கவில்லை.

"நெறைய பேரு பாத்துட்டாக டீச்சர். சிமெண்டுக் கடை முதலாளி, எங்க எடுத்ததுன்னு கேட்டாக. எந்த ஸ்டாப்புல எறங்கணும்னு வரைக்கும் சொல்லிட்டேன்."

அந்த முதலாளி செல்வியின் மாமனார். அண்ணாச்சிக்கு அது தெரியாது.

செல்விக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். நாலாவது முறை ஓர் ஆண் எடுத்தார். சமாளிக்க நினைத்து, "தையல் டீச்சர் பேசுறேன்" என்றேன்.

"பாத்தோம்மா. நல்லாத் தைக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலை உயர்த்தவே இல்லை.