தொய்ந்த வயிறு

படவேட்டில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு விருத்தாம்பாள் வணங்கி எழுதுவது. போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால் இந்தக் கடுதாசி. கால்வலி தேவலையா?

நம் பேரன் பார்த்திபன் கம்பெனியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். சின்னப் பேத்தி ராதிகா பன்னிரண்டாவதில் பள்ளிக்கே முதலாவது. பெரியவள் தேவிப்ரியாவுக்கு வியாழக்கிழமை இங்கே ஆரணி ஆசுபத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. பட்டுத்தறிக்குப் பாவு நூல் பிணைக்கிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நான்தான் கூட இருக்கிறேன்.

பயப்படாமல் படியுங்கள், இப்போது இருவரும் நலம். ரத்தம் அதிகம் போகாதிருக்கக் குழந்தை பிறந்ததுமே ஊசி போட்டார்கள். அப்படியும் சாயங்காலம் துணி மேல் துணியாக நனைந்தது. "கெட்ட ரத்தம்டி, போனாத்தான் நல்லது" என்று நம் ஊர் வழக்கப்படி சொல்லிவிட்டேன்.

நர்சம்மா வந்து பார்த்தார். "இன்னா ஆயா, என்னைக் கூப்புடாம கதை பேசிகினு இருக்கற? கெட்ட ரத்தம் இன்னா, நல்ல ரத்தம் இன்னா? எல்லாம் அவ ரத்தம்தான்!" என்று திட்டிக்கொண்டே அடிவயிற்றை அழுத்தித் தேய்த்தார். என் கையையும் வைத்துக் காட்டினார். வயிறு தொய்ந்த பாவு போலக் கிடந்தது. டாக்டரம்மா ஓடிவந்து மருந்து ஏற்றினார். தேய்க்கத் தேய்க்க வயிறு இறுகியது, ரத்தமும் மட்டுப்பட்டது.

"கர்ப்பப்பை இப்டிக் கல்லாட்டம் இருக்கணும். மெத்துனு ஆனா ஜல்தியா கூப்புடு" என்றார் நர்சம்மா. அன்றிலிருந்து அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

குழந்தைக்கு விரிக்க உங்கள் பழைய வேட்டி இரண்டு, பஸ்ஸில் வருகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் துவைத்துக்கொள்கிறேன். டாக்டரம்மா வருகிறார், நிறுத்துகிறேன். என்னிடம் இருக்கும் போட்டோவில் உங்கள் மீசை இன்னும் கறுப்பு. கொள்ளுப்பேத்திக்குக் காட்டப் புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள்.