எங்கள் வீட்டுக்கு ஐந்து குடம்

என் செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நான் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம்.

ஏழாம் வகுப்பில் செயல்திட்ட முறையில் பாடம் நடத்த ஆரம்பித்திருக்கிறேன். கேள்வியைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க வேண்டும், பதிலையும் அவர்களே அலைந்து கண்டுபிடிக்க வேண்டும். உன்னைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் கல்லூரிக்கு ஓடிய நாட்களில் படித்தது, இப்போதுதான் செய்து பார்க்கத் தைரியம் வந்தது. தலைமையாசிரியை மட்டும், முதல்ல பாடத்தை முடிம்மா, தெருத்தெருவா அப்புறம் சுத்தலாம் என்றார். நான் வழக்கம்போல் தலையாட்டிவிட்டு வந்தேன், ஆனால் நிறுத்தவில்லை. தெருக்குழாய்த் தண்ணீர் கடைசி வீடு வரை ஏன் வருவதில்லை என்பது பிள்ளைகளின் கேள்வி. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர், தினம் எத்தனை குடம் தண்ணீர் செலவாகிறது என்று எழுதி வந்தார்கள். முந்தின இரவு வீட்டில் தூங்கியவர்களை மட்டும் எண்ண வேண்டும் என்று கரும்பலகையில் விதி எழுதிப் போட்டதே நான்தான்.

நம் வீட்டுக்கும் வந்தார்கள். எத்தன பேரு டீச்சர் என்று கேட்டதும் ரெண்டு பேரு என்று சொல்லிவிட்டேன். குடம் மட்டும் உள்ளபடி ஐந்து.

மறுநாள் அட்டவணை போட்டால் எல்லா வீட்டிலும் ஆளுக்கு ஏறக்குறைய ஐந்து குடம், நம் வீட்டில் மட்டும் இரண்டரை. பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன், டீச்சர் வீட்ல யாரும் குளிக்கவே மாட்டாங்களாடா என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கணக்குப்புலி என்று நாங்கள் கூப்பிடும் பெண் மட்டும் சிரிக்கவில்லை. ஒருத்தர்னு போட்டா சரியா வருது டீச்சர் என்றாள், மெதுவாக. எனக்குக் காது சூடாகிவிட்டது. சாக்பீஸை வாங்கி இரண்டை அழித்து ஒன்று என்று எழுதினேன்.

கண்ணு, எனக்குத் துணைக்கு என்று நீ விட்டுப்போன அத்தை இப்போது என்னோடு இல்லை. நீ கிளம்பிய இரண்டாம் வாரமே தன் மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டார். நீ போனில் கேட்கும்போதெல்லாம் அத்தை குளிக்கிறாங்க, கடைக்குப் போயிருக்காங்க என்றதெல்லாம் பொய். அத்தையிடம் போன் இல்லாதது எனக்கு வசதியாகிவிட்டது. தெரிந்தால் படிப்பை விட்டுவிட்டு வந்து நிற்பாய் என்ற பயம்தான். முப்பத்து நாலு பிள்ளைகளுக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. மாலையில் பூட்டைத் திறக்கும்போது வீடு சில்லென்று இருக்கிறது, ஒருத்திக்குச் சமைக்க அலுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான். உடம்புக்கு ஒன்றுமில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடாதே, வந்தால் கதவைத் திறக்க மாட்டேன்.

நீ சொன்ன காதுவலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் உனக்கு வாய்க்கட்டும். இனி போனில் அத்தையைக் கேட்காதே. அந்த நேரத்திலும் என்னோடு பேசு.

உன் வரவை எண்ணியிருக்கும்,
அம்மா