முன் சீட்டு

தை மாதம், வியாழன் இரவு.

எங்கள் அம்பாசிடர் கார் இன்று மறுபடி உயிர் பிடித்துவிட்டது. எஞ்சினைப் பிரித்துக் கட்ட ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டாது. என் வீட்டுக்காரர் மீன்பிடி போட்டுக்காரர்களிடம் பாரம் தூக்கும் செயின் பிளாக்கை இரவல் வாங்கி, வேப்பமரத்தில் கட்டி, தானே எஞ்சினைத் தூக்கி இறக்கினார். பிஸ்டனில் அப்பியிருந்த கரியை என் மீன் சட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிச் சுரண்டியது நான். கையில் இன்னும் நாற்றம் போகவில்லை.

நாளை முதல் ஓட்டம், திருப்புல்லாணிக் கோயிலுக்கு.

"முன்னால பூமயிலு உக்காரட்டும். பின்னால உக்காந்தா அதுக்கு வாந்தி வரும்" என்றார். பூமயில் அவர் தம்பி பெண்டாட்டி.

"எனக்கு வராதாக்கும்?"

"உனக்கென்ன, கல்லத் தின்னாலும் செமிச்சிரும்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

என் தலைப்பிள்ளைப் பேற்றுக்கு இந்தக் கார் கல்யாணச் சவாரி போயிருந்தது. நான் பஸ்ஸில் போனேன். பூமயிலுக்கு வலி கண்டபோது இதே கார் தலையணையோடு வாசலில் நின்றது. எனக்கு மறக்குமா?

திருட்டுக்குப் பயந்து ராத்திரியில் எஞ்சினிலிருந்து ரோட்டரைக் கழற்றி அலமாரியில் வைப்பது அவர் வழக்கம். கட்டைவிரல் அளவுச் சாமான்தான். அது இல்லாமல் எஞ்சின் பிடிக்காது. இப்போது என் சுருக்குப் பையில் வெற்றிலையோடு கிடக்கிறது.

காலையில் தேடட்டும். முன் சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திய பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன். பூமயில் பின்னால் வாந்தி எடுத்தால் எடுக்கட்டும். சீட்டை நானே கழுவிக்கொள்கிறேன்.